சுமக்கப் பிறந்தவர்களா?

எவரெஸ்ட் பற்றி எத்தனை படம் வந்தாலும் கதை என்னவோ ஒன்றுதான். வெள்ளைக்காரர் ஒருவர் ஏறுவார், மூச்சு வாங்குவார், மனைவியை நினைத்துக் கண் கலங்குவார், உச்சியில் கொடி நடுவார். அவருடைய கூடாரம், அடுப்பு, ஆக்ஸிஜன் சிலிண்டர் சகலத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் நாலு பேர் வருவார்கள். அவர்களுக்கு வசனம் கிடையாது.

ஆஸ்திரேலிய இயக்குநர் ஜெனிஃபர் பீடமின் 'ஷெர்பா' (2015) ஆவணப்படம், கேமராவை அந்த நாலு பேர் பக்கம் திருப்புகிறது.

2013-ல் மலை மேலேயே ஐரோப்பிய மலையேறிகளுக்கும் ஷெர்பாக்களுக்கும் கைகலப்பு. எப்போதும் சிரித்த முகமாய்ச் சுமக்கிறவர்களுக்குக் கோபம்கூட வருமா என்று பலருக்கு ஆச்சரியம். அந்தக் கோபம் என்னவென்று பார்க்க அடுத்த வருஷம் போனார் பீடம். 21 முறை உச்சியைத் தொட்ட புர்பா தாஷி 22-வது முறைக்குத் தயாராகிறார், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இதுதான் படமாக இருந்திருக்கும். ஆனால் 2014 ஏப்ரல் 18 காலை கும்பு பனியருவியில் ராட்சசப் பனிக்கட்டிகள் சரிந்தன. 16 பேர் காலி. அத்தனை பேரும் நேபாளிகள், பெரும்பாலும் ஷெர்பாக்கள். குடும்பத்துக்கு நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய்.

மிச்சமிருந்தவர்கள் ஏற மறுக்கிறார்கள். பணம் கட்டி வந்த ஒருவர், இவர்களுடைய 'ஓனர்'களிடம் பேசிப் பார்க்க முடியாதா என்கிறார். படம் பார்த்து ரொம்ப நாளைக்கு அந்த ஒரு வார்த்தை காதைவிட்டுப் போகாது.

எனக்கு ஒரு மனக்குறை. அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று படம் இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம். 'அவங்க உடம்பு வாகே அப்படி சார், அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது' என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அதில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல்.

லே போனவர்களுக்குத் தெரியும். வெறும் 3,500 மீட்டர்தான். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே தலை விண் விண்ணென்று தெறிக்கும். காற்றழுத்தம் குறைய, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் பாதி, உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. நம் உடம்பு பதறிப்போய் சிவப்பணுக்களை அதிகமாகத் தயாரிக்கிறது. ஹீமோகுளோபின் ஏறுகிறது. ஏற ஏற ரத்தம் கெட்டியாகிறது, இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறுகிறது. தலைமுறை தலைமுறையாக ஆண்டிஸ் மலையில் வாழ்கிறவர்களில்கூடச் சிலருக்கு இதனால் நோய் வருகிறது. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களிலேயே அதை விவரித்திருக்கிறார்.

திபெத்தியர்கள், அவர்களிலிருந்து பிரிந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் நேபாளம் வந்த ஷெர்பாக்கள், இவர்கள் கதை வேறு. 4,000 மீட்டரில் வாழ்ந்தாலும் ஹீமோகுளோபின் பெரிதாக ஏறுவதில்லை. காரணம் இபிஏஎஸ்1 என்ற ஜீன். 2010-ல் வந்த ஆய்வில் அதன் ஒரு வடிவம் திபெத்தியர்களில் 87 சதவீதமும், ஹான் சீனர்களில் வெறும் 9 சதவீதமும் இருந்தது. 2014-ல் இன்னொரு ஆச்சரியம்: இந்த ஜீன் டெனிசோவன்கள் என்ற அழிந்துபோன ஆதி மனித இனத்திடமிருந்து கலப்பில் வந்த சொத்து! ஷெர்பாக்களின் தசைகள் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன என்று 2017-ல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது.

ஆக, உடம்பு வாகு உண்மைதான். ஆனால் அது எப்படிக் கிடைத்தது? நான் பி.காம்.காரன். வரவு என்று ஒன்றிருந்தால் பற்று எங்கே என்று தேடுவேன். அமெரிக்க மானுடவியலாளர் சிந்தியா பீல் 2004-ல் திபெத்தியப் பெண்களிடம் ஒரு கணக்கு எடுத்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அதிகமாகத் தங்கும் வாகு உள்ள அம்மாக்களின் குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். மற்ற அம்மாக்கள் அதிகக் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். இயற்கைத் தேர்வு என்று பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியில் படித்தோமே, அதன் நடைமுறை இதுதான். ஒரு ஜீன் 87 சதவீதத்துக்கு வந்து சேர, எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை பிள்ளைகள் மண்ணுக்குள் போயிருக்கும்! அந்தச் சேமிப்பின் பலனைத்தான் சுற்றுலாக் கம்பெனிகள் சீசனுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கின்றன.

இன்னொன்று. அந்த ஜீன் ரத்தம் கெட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தலைக்கு மேல் தொங்கும் பனிக்கட்டியை அது என்ன செய்யும்? வாடிக்கையாளர் பனியருவியைச் சில தடவை கடந்தால், சுமை தூக்குகிறவர் ஒரு சீசனில் இருபது, முப்பது தடவை கடக்கிறார். அபாயம் இருப்பது அந்த எண்ணிக்கையில். அதை யார் எத்தனை முறை கடப்பது என்று தீர்மானிப்பது ஜீன் இல்லை சாமி, பணம்.

'ஷெர்பா' என்றால் அவர்கள் மொழியில் கிழக்கத்தி மக்கள் என்று அர்த்தம். ஒரு இனத்தின் பெயர். அதைக் கூலி வேலையின் பெயராக்கியது நாம்தான். படம் இந்தத் தப்பைப் பொறுமையாகத் திருத்துகிறது. பீடம் யாரையும் வில்லனாக்கவில்லை. பயண நிறுவனம் நடத்தும் ரஸ்ஸல் பிரைஸின் தவிப்பையும் காட்டுகிறார், அவர் சொல்கிற சமாதானங்களையும் காட்டி, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார். ஒரே புகார், மலையை இத்தனை அழகாகப் படம் பிடித்திருக்க வேண்டாம். பார்க்கிறவனுக்கே ஏறலாமா என்று ஆசை வந்துவிடுகிறது.

அவசியம் பாருங்கள். புர்பா தாஷியின் வீட்டார் பேசும் இடங்களை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அவர் 21-உடன் நிறுத்திக்கொண்டார்.