'அறம்' தொகுப்பும் வாசகர் நெகிழ்ச்சியும்

முன்னுரை

ஜெயமோகனின் 'அறம்' சிறுகதைத் தொகுப்பு 2011ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. 'உண்மை மனிதர்களின் கதைகள்' என்னும் துணைத்தலைப்பு, வாழ்ந்த மனிதர்களைத் தழுவியவை இக்கதைகள் என்பதை உணர்த்துகிறது. தனித்தனிக் கதைகளாயினும் அறம் என்னும் ஒரே வினா இவற்றை இணைக்கின்றது. கதைகள் வெளியான நாள்தொட்டு வாசகர்கள் தம் எண்ணங்களைக் கடிதங்களாகவும் கூட்டங்களிலும் பகிர்ந்து வருகின்றனர். அப்பகிர்வுகளின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே கண்ணீர், இரு மெய்ப்பாடுகள்

வாசகர் கூற்றுகளில் மிகுதியும் காணலாகும் சொல் 'கண்ணீர்' என்பதாகும். 'சோற்றுக்கணக்கு' கதையின் கெத்தேல் சாகிபும், 'நூறு நாற்காலிகள்' கதையின் நாயாடித் தாயும் ஒரே நெகிழ்ச்சிக்குரியோராகப் பேசப்படுகின்றனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொண்டு நோக்கின் இவை வேறுவேறு. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கொடையைத் தொல்காப்பியர் வைக்கிறார். அழுகையின் நிலைக்களன்களுள் இளிவையும் வறுமையையும் வைக்கிறார். கெத்தேல் சாகிபின் முன் பெருகும் கண்ணீர் கொடை கண்ட பெருமிதத்தின்பாற்பட்டது. அதிகாரியான மகனை, சட்டை அணியாதே, நாற்காலியில் அமராதே என்று மன்றாடும் தாயின் முன் எழுவதோ இளிவின்பாற்பட்டது. முன்னது மனத்தை நிறைவிக்கின்றது. பின்னது குற்றவுணர்வை எழுப்புகின்றது. இரண்டையும் 'நெகிழ்ச்சி' என ஒருசொல்லால் குறிக்குங்கால் இரண்டாவதன் கடுமை மறைந்துவிடுகின்றது.

கடனும் கணக்கும்

கதைகளைத் தொடர்புபடுத்தி வாசிப்பின் மற்றொரு பொருள் புலனாகிறது. 'அறம்' கதையில் எழுத்தாளருக்குரிய ஊதியம் மறுக்கப்படுகிறது. பதிப்பாளரின் மனைவியே வெயில் காயும் தார்ச்சாலையில் அமர்ந்து அக்கடனைத் தீர்க்கச் செய்கிறார். அறம் பாடுதல் என்னும் பழமரபு இங்கு ஒரு பெண்ணின் மனச்சான்றில் பலிக்கின்றது. 'சோற்றுக்கணக்கு' கதையில், உண்ட சோற்றுக்கு ஈடாக மாணவன் பிற்காலத்தில் பெருந்தொகையை உண்டியலில் இடுகிறான். சாகிபோ எவ்வகை மாற்றமுமின்றி முன்போலவே பரிமாறுகிறார். தீர்க்கவியலாக் கடன் அது. 'நூறு நாற்காலிகள்' கதையிலோ கடன்பட்டது சமூகம். அங்கு வேண்டப்படுவது கொடை அன்று, உரிமை. ஒரு நாற்காலி போதாது என்னும் உணர்வே கதைத்தலைப்பாகிறது. மலையாளத்தில் இக்கதை 'நூறு சிம்மாசனங்கள்' எனப் பொருள்படும் தலைப்பைப் பெற்றமை, நாற்காலி அதிகாரத்தின் குறியீடு என்பதை மேலும் தெளிவாக்குகிறது.

ஆகவே தனிமனிதரின் கொடையால் உலகம் நிலைபெறும் என்னும் ஆறுதலைச் 'சோற்றுக்கணக்கு' தருமாயின், அவ்வாறுதலை 'நூறு நாற்காலிகள்' வினவுகிறது எனலாம். ஒவ்வொரு கதையையும் தனித்தனியே போற்றும் வாசகர் கூற்றுகளில் இவ்வினா பெரிதும் இடம்பெறுவதில்லை.

பேசப்படாத முடிவு

இன்னொன்றும் கருதத்தக்கது. 'சோற்றுக்கணக்கு' பற்றிய பகிர்வுகள் பெரும்பாலும் சாகிபின் கரடிக்கை அளவில் நின்றுவிடுகின்றன. கதை அங்கு முடிவதில்லை. சோற்றை எண்ணி அளந்த மாமியின் மகளையே மணக்க மாணவன் முடிவெடுப்பதில்தான் முடிகிறது. பெற்ற கொடையைக் கொடுத்தவரிடம் திருப்பித் தர இயலாதவன், கொடாதவரிடம் அதனைச் செலுத்துகிறான். சாகிபைப் போற்றுதல் எளிது. மாமியை மன்னித்தல் அரிது. கதை வாசகரிடம் வேண்டுவது அரிய செயலையே.

முடிவுரை

வாசகர் நெகிழ்ச்சி புறக்கணிக்கத்தக்கதன்று. சிறுகதை பரந்த மக்களைச் சென்றடைந்தமைக்கு அதுவே சான்று. எனினும் 'உண்மை மனிதர்கள்' என்னும் சொல், புனைவை வாழ்க்கை வரலாறாகக் கண்டு வணங்கி அமைதியுறும் நிலைக்கும் இட்டுச் செல்கிறது. இத்தொகுப்பின் அறம் மாந்தர் ஒவ்வொருவரிடத்தும் நிறைவுறுவதில்லை. ஒரு கதை மற்றொன்றை எதிர்கொள்ளும் இடத்தில்தான் அது முழுமையாகப் புலப்படுகின்றது.