‘கவலைத் தலைமுறை’ ஏது ஆராய்ச்சி

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய உளநூலார் ஜோனதன் ஹைட் என்பார் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கவலைத் தலைமுறை’ என்னும் ஆங்கில நூலின் மேற்கோள், 2010 முதல் 2015 வரையிற் கைப்பேசி சிறார்தம் விளையாட்டின் இடத்தைக் கவர்ந்தமையால் அவர்தம் உள்ளம் நோயுற்றது என்பதாம். பிற சான்றுகளுங் காட்டுவரேனும், அவர் பெரிதும் பற்றி நிற்கும் ஏது, இவ்விரண்டும் ஒரு காலத்தே நிகழ்ந்தன என்பதே. உடனிகழ்ச்சி ஒன்றே காரணமாதற்கு அமையாது. முன்னரே உள்ளஞ் சோர்ந்த சிறுமி ஆறுதல் நாடிக் கைப்பேசியைப் பற்றினாளாயின், நோய் காரணமாகவும் கருவிப் பயன்பாடு காரியமாகவும் முறை பிறழுமன்றோ? கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் என்னும் உளநூலார் அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் இக்குறையை எடுத்துக்காட்டினார். ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்னும் இருவரும், மூன்றரை இலட்சத்தின் மேற்பட்ட இளைஞரைப்பற்றிய தரவுகளை ஆராய்ந்து, அவர்தம் மனநலத்தின் வேறுபாட்டிற் கருவிப் பயன்பாட்டோடு இயைபுடையது நூற்றுக்கு 0.4 பங்கின் மிகாதென 2019-இல் வெளியிட்டனர்.

அற்றேல் நூல் முழுதுந் தள்ளற்பாலதோ எனின், அன்று. சராசரி என்னும் அளவு சிறிதுந் தீண்டப்படாத பலரையும் பெரிதும் வருந்துஞ் சிலரையும் ஒன்றாக்கி மறைக்கும். உறக்கத்தைப்பற்றிய பகுதி வலியுடைத்து. நள்ளிரவிலுங் கைவிடாத திரையால் துயில் குன்றும். துயில் குன்றியவழி மனந் தளரும். ஏட்டுக்கு இறுதிப் பக்கம் உண்டு. விரலால் தள்ளுந்தோறும் புதியது வரும் அத்திரைக்கு அஃதில்லை.

ஆயினும், ஏது ஐயத்திலிருக்கவே ஆஸ்திரேலியா 2024-இற் சட்டஞ் செய்து, 16 வயது நிரம்பாதார் பெரிய சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்தலை 2025 டிசம்பர் 10 முதல் விலக்கிற்று. ஒத்த தோழர் தன்னூரில் இல்லாத சிறுவனுக்கு அவ்வாயில் அடைபட்டபின் வேறு வாயில் யாது? ஆசிரியர் புகழும் விளையாட்டுக்களம் ஒன்றே அவனுக்கு விடையாகாது.