ஐதீகம் என்னும் இடுக்கி

சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதைப் பற்றி வரும் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் இருக்கிறது. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வந்தால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது ஐதீகம். மீனாட்சி கல்யாண வேளையில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டால் மாங்கல்யம் நிலைக்கும் என்பது ஐதீகம். எழுதுகிறவர் செல்லூர்க்காரராகவோ சோழவந்தான்காரராகவோ இருக்கலாம். அன்று காலை அவர் மனைவியும் கயிறு மாற்றிக்கொண்டிருப்பார். ஆனால் எழுத உட்கார்ந்ததும் மனிதர் ஊருக்கு வெளியே போய் நின்றுகொள்கிறார். நம்புகிறேன் என்றும் சொல்வதில்லை, நம்பவில்லை என்றும் சொல்வதில்லை. சூடான பாத்திரத்தைக் கை படாமல் இறக்க இடுக்கி இருப்பதுபோல, சாமி சமாச்சாரத்தைக் கை படாமல் எடுத்துவைக்க அவருக்கு இந்தச் சொல் கிடைத்திருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்களுக்கும் இதே இடுக்கிதான்.

சொல்லின் பழைய கௌரவம் வேறு. வடமொழியில் ஐதிஹ்யம் என்றால் வழிவழியாக வந்த வாக்கு. அறிவதற்கான பிரமாணங்களில் ஒன்றாக அதை எண்ணியவர்கள் உண்டு. வைஷ்ணவ வியாக்கியான மரபில் ஆசாரியர்கள் வாழ்வில் நடந்ததாகக் கைமாறி வந்த நிகழ்ச்சிகள் ஐதிஹ்யங்கள். பாசுரத்துக்குப் பொருள் சொல்கிறவர் அவற்றைச் சாட்சிக்கு அழைப்பார். சாட்சி சொல்ல வந்த சொல், நான் எதற்கும் சாட்சி இல்லை என்று கைகழுவுகிற சொல்லாகிவிட்டது.

இந்து சமயத்தை வெளியாட்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு நம்மிடையே அவ்வப்போது எழும். அமெரிக்கப் பேராசிரியர், லண்டன் தொலைக்காட்சி, பாம்பாட்டி, பசுமாடு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எனக்குச் சிரத்தை இல்லை. வெளியாள் யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் இது பாஸ்போர்ட் விவகாரம் அல்ல.

நான் வங்கியில் குமாஸ்தா. சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நகைக்கடன் வாங்க வந்தார். விண்ணப்பத்தில் கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுத என்று கேட்டேன். “கருப்புக்குக் கடன் கெடக்கு தம்பி, கெடா வாங்கணும்” என்றார். கட்டத்தில் குடும்பச் செலவு என்று எழுதினேன். கூட்டமில்லாத நேரம். ஆங்கில இலக்கியம் படித்தவனின் குறுகுறுப்பு சும்மா இருக்கவிடவில்லை. “கருப்பு செய்வாருன்னு நம்புறீங்களாய்யா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இதுல நம்புறதுக்கு என்ன இருக்கு? வாங்குனேன், குடுக்கணும்.”

கேள்வி அபத்தமானது என்று உறைக்க எனக்குச் சில மாதங்கள் ஆயிற்று. நான் விசாரித்தது நம்பிக்கையை. அவர் பதில் சொன்னது கணக்கை. தினமும் கடன் என்ற சொல்லோடு பிழைக்கிற எனக்கே, நேர்த்திக்கடன் என்ற சொல்லில் கடன் இருப்பது அதுவரை கண்ணில் படவில்லை.

என் கேள்விக்கு மதுரையிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1606இல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் கொண்டு, காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழும் வடமொழியும் கற்றார். மதம் மாறும் பிராமணன் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாமா என்பது அவருக்கு நேர்ந்த சிக்கல். அவை குலவழக்கம், மதமல்ல என்று வாதாடினார். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அவை மதமேதான் என்று மேலிடத்துக்கு முறையிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

நொபிலியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரளவு சிரமப்பட்டு நம்மைப் படித்தவர்கள் நம்மிலேயே குறைவு. ஆனால் எதிரெதிராக நின்ற இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இவன் செய்வதில் எது மதம், எது வழக்கம்? இரண்டையும் பிரித்துவிட முடியும் என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. விசுவாசப் பிரமாணம் சொல்லி உள்ளே வருகிற மதத்துக்கு அது இயல்பான கேள்வி. உசிலம்பட்டிப் பெரியவர் எந்தப் பிரமாணமும் சொல்லி உள்ளே வந்தவரல்ல. கடனோடு பிறந்தவர்.

பின்னால் வந்தவர்களிடம் நொபிலியின் பொறுமையும் இல்லை. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறுநூலில் கிராம வழிபாடு பேய் வழிபாடாயிற்று. சென்னை பிஷப் ஒயிட்ஹெட் 1916இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். உழைப்புள்ள பதிவுதான், ஆனால் பலிக்குப் பின்னால் அவர் பெரும்பாலும் அச்சத்தையே கண்டார். 1927இல் வந்த காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ கல்கத்தா காளி கோயிலின் ஆட்டு ரத்தத்தைத் தொடக்கத்திலேயே காட்டுகிறது. சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று காந்தி அதற்குப் பெயர் வைத்தார். இங்கே சுயமரியாதைக்காரர்கள் அந்த அம்மாள் சொன்னதில் உண்மை உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டைப் பிடித்துவந்தவனிடம் மட்டும் எந்தத் தரப்பும் எதுவும் கேட்கவில்லை. ஒருவருக்கு அவன் வெட்கம், மற்றவருக்கு அவன் தடயம்.

அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. வெளியாளிடமிருந்து இந்து சமயத்தை மீட்கிறேன் என்று இன்று கிளம்புகிறவர்கள் காட்டும் சமயத்தைப் பாருங்கள். கோபுரம் இருக்கிறது, தியானம் இருக்கிறது, விஞ்ஞானம்கூட இருக்கிறது. கிடாயும் சாராயமும் சுருட்டும் இல்லை. மேயோவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, அவள் கண்ணுக்கு உறுத்தாத ஒரு சமயத்தைச் செய்துகொண்டிருக்கிறோம்.

வெளியிலிருந்து வந்து சரியாகப் பார்த்தவர் இல்லையா? லூயி துய்மோன் இருக்கிறார். பிரெஞ்சுக்காரர். 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, 1957இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1953இல் ஐயனாரைப் பற்றி ஒரு கட்டுரை. ஒரே கோயிலில் சைவ ஐயனாரும் ரத்தபலி கொள்ளும் கருப்பும் ஏன் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அதன் மையம். கருப்புக்குக் கிடா வெட்டும்போது எங்கள் ஊரில் ஐயனார் முன் திரை இழுத்துவிடுவார்கள். உயர்ந்தது ஒன்று, அதில் ஒட்டிக்கொண்ட தாழ்ந்தது ஒன்று என்று முந்தையவர்கள் கண்ட இடத்தில், இரண்டுக்கும் நடுவேயுள்ள உறவுதான் பொருள் என்றார் துய்மோன். ஒன்றில்லாமல் மற்றது இல்லை. எல்லாவற்றையும் தூய்மை, தீட்டு என்ற ஒரே அச்சில் சுழல விட்டார் என்ற குறை அவர்மேல் உண்டு; நியாயமான குறைதான். இருந்தும், எங்கள் ஊர்த் திரைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதை நான் ஒரு பிரெஞ்சுக்காரரின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். இது அவர் பெருமையா, என் வெட்கக்கேடா என்பதை நண்பர்கள் தீர்மானிக்கட்டும்.

இன்னொரு உதாரணம், புரவி எடுப்பு. வேளார் சுட்டுத் தரும் மண்குதிரைகளை ஊர்கூடித் தூக்கிக்கொண்டுபோய் ஐயனார் கோயிலில் நிறுத்துவார்கள். பிறகு மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். காது உடையும், கால் சரியும், யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். கடன் தீர்ந்தது, ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர் உண்டா? அதே குதிரை டில்லி கைவினை அருங்காட்சியகத்திலும் நட்சத்திர ஓட்டல் முகப்பிலும் நிற்கிறது. அங்கே காது உடைந்தால் பதறுவார்கள். அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குதிரையின் அழகைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அது எதற்குச் செய்யப்பட்டது என்பது தேவைப்படாமல் போகிறது என்கிறேன். நம் நவீன கவிதைகளில் வரும் ஐயனார் குதிரைகள் பலவும் ஓட்டல் முகப்புக் குதிரைகள்தான். படிமமாக நிற்கின்றன. யாருக்கும் எதுவும் பாக்கியில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கடனைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டே போனால், உள்ளே இருப்பவன் எல்லாம் புனிதன் என்று முடிந்துவிடும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் கக்கனையும் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். அதுவரை இந்த ஊரில் பிறந்து இந்த மண்ணில் உழைத்தவர்களையே கோபுர வாசலில் நிறுத்திவைத்திருந்தோம். வெள்ளைக்காரப் பாதிரியார் வெளியாள் என்றால், இவர்களை வெளியாளாக்கியது யார்? தெய்வத்தோடு நேராகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான் அன்று வாசல் தாண்டியவர்கள் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் மரியாதைக்காக இன்றும் ஊர்கள் கோர்ட்டுக்குப் போகின்றன. கணக்கில் மோசடி உண்டு, வன்முறை உண்டு. அதைக் கண்டிக்க வேண்டும். கண்டிப்பதற்கும் கணக்கைத்தான் முதலில் படித்தாக வேண்டும்.

படிக்காமல் கண்டித்த கதையும் ஒன்று உண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடை செய்யும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி தமிழக அரசு உத்தரவிட்டது. கிராமங்களில் எழுந்த கசப்புக்குப் பிறகு 2004 பிப்ரவரியில் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரவு போட்டவர்கள் பாதிரியார்களல்ல, கோயிலுக்குப் போகிறவர்கள்தான். கசாப்புக் கடையில் வெட்டலாம், கருப்பு முன்னால் வெட்டக்கூடாது என்பதில் ஆட்டின் மீது இரக்கம் எவ்வளவு, மேயோவின் கண் எவ்வளவு என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கோடையில் காய்ச்சல் கண்டு பிழைத்தால் போதும் என்று கிடந்தபோது அப்பா கருப்புக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். பிழைத்தேன். குட்டியும் வாங்கி வளர்த்தாயிற்று. புரட்டாசிச் சாமி கும்பிடுக்குள் உத்தரவு வந்துவிட்டது. போலீஸ் வரும் என்று ஊரில் பயம். பெரியவர்கள் கூடிப் பேசி அந்த ஆண்டு பூசணிக்காயோடு முடித்துக்கொண்டார்கள். கிடாய் வீடு திரும்பியது. ஒரு பணமுடையில் அப்பா அதை விற்றார். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போய் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா வருஷாவருஷம் கேட்கிறாள். கல்லூரிக் காலத்தில் மூடநம்பிக்கை என்று பதில் சொன்னேன். சிறுபத்திரிகை வாசிக்க ஆரம்பித்த பிறகு அதே கிடாய் எனக்குத் தொன்மமாகவும் படிமமாகவும் ஆயிற்று. பதில் மட்டும் மாறவில்லை. இந்தக் கட்டுரையில் அதைக் கடன் என்கிறேன். இதுவும் ஒரு இடுக்கியாக இருக்கலாம். முந்தையவற்றைவிடக் கொஞ்சம் குட்டை, சூடு கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டுரையைப் படித்துக் காட்டியபோது அம்மா முழுதும் கேட்டாள். “எழுதுனதெல்லாம் சரிப்பா, கெடா எப்ப வாங்கப்போற?” என்றாள். புரட்டாசிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.