திரையிற் கற்கும் வனவாசம்

2020 மார்ச் 23 ஆம் நாளிரவு, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஊரடங்குச் சட்டத்தினால் முடங்கிக்கிடந்தவேளை, ரஜினிகாந்த் பந்திப்பூர்க் காட்டிற் பெயார் கிறில்சிடம் உயிர்பிழைக்கும் வித்தை பயில்வதை டிஸ்கவரி ஒளிபரப்பியது. வித்தை என்பதிலேதான் எமக்கு ஐயம்.

வனத்திற் கழிந்தனவாகக் காட்டப்பட்ட இரவுகள் சிலவற்றைக் கிறில்ஸ் விடுதியிற் கழித்தமை 2007 இல் வெளிப்பட்டது. அதனை நாம் பெரிதுபடுத்தோம். புனைவு கலைக்கு இயல்பே. ஆனால் அவர் தமது சிறுநீரையே பருகிக் காட்டியமை வேறு. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு உப்புண்டு. அது நீரிழப்பை மிகுவிக்கும். அமெரிக்கப் படையினரின் கைந்நூலே அதனை விலக்கியுள்ளது. பார்த்துக் கற்றவன் யாரிடம் முறையிடுவான்?

2016 மே மாதம் களனி கங்கை வெல்லம்பிட்டியை மூழ்கடித்தபோது வேண்டியிருந்தது, நீரைக் கொதிக்கவைத்து ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை. அத்தகைய காட்சிக்குத் திரையில் இடம் அரிது.