தாத்தாவின் சுருக்குப்பை

தாத்தா விட்டுப்போன சுருக்குப்பையைக் கவிழ்த்ததும் முதலில் உருண்டோடியது ஓட்டைக் காலணா. 1943-இல், போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவே துளைவிட்டு அடித்த வெண்கலக் காசு. மகள் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டாள்.

அம்மா புளி போட்டுத் தேய்க்க எடுத்தாள், தடுத்துவிட்டேன். அந்தக் கருமைதான் காசின் வயது. தேய்த்துவிட்டால் சேகரிப்பவர்களிடம் மதிப்பும் போய்விடும்.

அடியில் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உருக்கினால் நல்ல கொலுசு ஆகும் என்றார் ஆசாரி. மனசு வரவில்லை. கிரீடத்தின் கோடுகள் இன்னும் விரலில் தட்டுப்படுகின்றன, ராணியின் கன்னம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை கைகள் பட்டிருக்கும்!

விற்கவில்லை. உடன்பிறந்தோர் நால்வரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். காலணாவை மகள் இன்னும் கழற்றவில்லை.