‘சுபாவம்’: ஒரு சொல்லின் சமூக உள்ளடக்கம்

ஒருவரது மனச்சாய்வினைக் குறிக்கத் தமிழில் இயல்பு, பண்பு, குணம், சுபாவம் முதலான சொற்கள் வழங்குகின்றன. அகராதிகள் இவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகத் தரும். ஆயினும் வழக்கினை ஊன்றி நோக்குமிடத்து, இவை வேறுபட்ட உலகநோக்குகளைச் சுமந்து நிற்றல் புலனாகும்.

‘இயல்பு’ இயலுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது; நடத்தல், கூடுதல் ஆகிய பொருள்கள் அவ்வினைக்குண்டு. ‘பண்பு’ பண்படுதலோடு உறவுடையது. நிலமும் பண்படும், மனமும் பண்படும், உழைப்பின்றி இரண்டும் நிகழா. உலக ஒழுக்கம் அறிந்து நடத்தலே பண்பெனக் கலித்தொகை கொள்வதும், அதனைச் சமூக உறவுகளுக்குள்ளேயே வைத்து நோக்குவதாகும்.

‘சுபாவம்’ என்பதோ தன்னில் தானாய் அமைந்த நிலையைச் சுட்டும் வடசொல். பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் நால்வருணத்தாரின் கருமங்களைச் சுபாவத்திற் பிறந்த குணங்களின்படி வகுக்கின்றது. சமூகத்தின் தொழிற்பிரிவினை இங்கு மனிதரின் அகத்தன்மையாக உருமாறுகின்றது. மூதுரையும் குலத்தின் அளவையே குணத்தின் அளவாக்கும். ‘சாதிக்குணம்’ என்னும் வசை இம்மரபின் அன்றாட வடிவமேயாம்.

இதனால் குற்றம் வடமொழியினது என முடிவுசெய்தல் தவறு. ‘அது அவர்கள் இயல்பு’ என்று தூய தமிழிலும் ஒரு மக்கட் பிரிவினரை இழிவுபடுத்தல் கூடும். சொல்லின் பிறப்பிடமன்று, அது யாருடைய நலனுக்கு உழைக்கின்றது என்பதே வினா.

யாழ்ப்பாணச் சமூகத்தில் அடங்கிப்போதல் சிலரது சுபாவமென நெடுங்காலம் கருதப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் அக்கருத்தினைத் தெருவிலேயே பொய்ப்பித்தது. சுபாவமெனப்பட்டது அடக்குமுறையின் விளைவே என்பது அன்று வெளிப்பட்டது.

இலக்கியத் திறனாய்வாளர்க்கு இதிற் பாடமுண்டு. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களை ஆராய்வோர், பாத்திரங்களின் செயலுக்குச் ‘சுபாவம்’ எனக் காரணங் கூறி அமைவது விளக்கமாகாது. விளக்கப்படவேண்டியதையே அது விளக்கமாக வைக்கின்றது. மனித சாராம்சம் தனிமனிதருள் உறையும் அருவப்பொருளன்று, சமூக உறவுகளின் தொகுதியே என மார்க்ஸ் 1845இல் குறித்தார். தனிமனித வேறுபாடுகளை இக்கூற்று மறுக்கவில்லை. அவை உருவாகும் களத்தையே காட்டுகின்றது. அக்களத்தை மறைக்கும் சொல் எதுவாயினும், எம்மொழியினதாயினும், அதனை ஐயுறுதல் திறனாய்வின் முதற்கடனாகும்.