பெர்ரி ஆய்வு: கணக்கில் வராத டீச்சர்

பாலர் கல்விக்குச் செலவழித்தால் பல மடங்கு திரும்பி வரும்னு சொல்பவர்கள் காட்டும் முதல் ஆதாரம் பெர்ரி ஆய்வு. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962இல் தொடங்கியது. வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் பாலர் பள்ளி. நாற்பது வயது தாண்டியும் எல்லோரையும் பின்தொடர்ந்தார்கள்.

சின்ன ஆய்வுதான், ஆனாலும் பலன் நிஜம். என் குறை வேறு. ஏறக்குறைய ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், முறையான தகுதிச் சான்றோடு. வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். மேற்கோள் காட்டுபவர்கள் இதை மட்டும் வசதியா விட்டுடறாங்க.

டீச்சருக்கு அரைச் சம்பளம், வகுப்பில் முப்பது பிள்ளைகள்னு வைத்துக்கொண்டு பெர்ரியின் பலனுக்கு உரிமை கோர முடியாது. பிள்ளையைச் சேர்க்கும் முன் பாடத்திட்டத்தை விடுங்க. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்க, போன வருஷ டீச்சர் இன்னும் இருக்காங்களான்னு கேளுங்க.